மிட்டாய்க்கூடத்து லெயோந்தின்

மாலையில் வேலை முடிந்து பஸ் ஏறினால் லெயோந்தினுக்கு எப்படியும் உட்கார இடம் கிடைத்துவிடும். யாரையும் இடிக்க வேண்டியதில்லை. அவள் வந்து நின்றதும் பக்கத்தில் இருப்பவர் மூக்கை ஒரு மாதிரி உறிஞ்சுவார். பிறகு எழுந்து வேறு இடம் தேடிப் போவார். அவளிடமிருந்து நாற்றம் வரவில்லை, வாசனைதான் வந்தது. கடையில் பழ மிட்டாய் ஜாடியைத் திறந்தால் குப்பென்று வருமே, அதே வாசனை. முதல் மூச்சுக்கு இனிக்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை வலிக்கும்.

பாரிஸை ஒட்டிய அஸ்னியேரில் சேன் ஆற்றங்கரையில் இருந்த வலாந்த் ஆலையில் போர் விமானங்கள் செய்தார்கள். அங்கே இறக்கைக்குத் துணி தைத்து வார்னிஷ் அடிக்கும் கூடத்தில் வேலை செய்த பெண்கள் எல்லோருக்கும் இந்த வாசனை உண்டு. எத்தனை முறை குளித்தாலும் தலைமுடியை விட்டுப் போகாது. ஆலையின் ஆண்கள் அவர்களுக்கு வைத்த பெயர் மிட்டாய்கள். கூடத்தின் பெயர் மிட்டாய்க்கூடம்.

“மிட்டாய் போகுது, ஒண்ணு எடுத்துக்கலாமா?” என்று சாப்பாட்டு நேரத்தில் யாராவது கத்துவான்.

“எடுத்துத்தான் பாரேன். பல்லு உதிர்ந்திடும்” என்பாள் லெயோந்தின்.

அவள் பிறந்தது பாரிஸில் இல்லை. மேற்குக் கடற்கரையில் துவார்னெனே என்ற மீன்பிடி ஊர். அப்பா படகில் போவார். அம்மா மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைக்குப் போவாள். பன்னிரண்டு வயது முடிந்ததும் லெயோந்தினும் அம்மாவின் பின்னாலேயே போனாள். அவளுக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது அந்த ஊரின் மீன் ஆலைப் பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். குளிர்காலத்தில், மரக்கட்டைச் செருப்புகளோடு, கைகோத்துக்கொண்டு, பாடிக்கொண்டே தெருத்தெருவாக நடந்தார்கள். கல் பாவிய தெருவில் அத்தனை கட்டைச் செருப்புகளும் ஒன்றாக விழுந்தால் வீட்டுக் கண்ணாடிகள் அதிரும். முதலாளிகள் வாரக்கணக்கில் காதைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டுக் கடைசியில் இறங்கி வந்தார்கள். அந்தச் சத்தம் அவள் காலிலேயே தங்கிவிட்டது. பாரிஸுக்கு ரயில் ஏறியபோது பெட்டியில் அந்தச் செருப்பையும் வைத்துக்கொண்டாள்.

பாரிஸில் பெரிய மனுஷிகளுக்கு உடை தைக்கும் கடை ஒன்றில் சேர்ந்தாள். உலகம் முழுக்கப் பணமுடை வந்து, உடை வாங்கும் அமெரிக்காக்காரிகள் வருவது நின்றதும் கடைக்காரர் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார். அப்போதுதான் வலாந்த் ஆலை தையல் தெரிந்த பெண்களைத் தேடியது. பட்டுக்குப் பதில் லினன். மனுஷிக்குப் பதில் விமானம். அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டு போனாள். அங்கேதான் எஞ்சின் பூட்டும் அன்செல்மைப் பார்த்தாள், கல்யாணமும் செய்துகொண்டாள்.

“பாதி வாழ்க்கை மீன் நாத்தம், மீதி வாழ்க்கை மிட்டாய் வாசனை. இனிமே ரோஜா வாசனைக்கு நான் செத்தாத்தான் உண்டு” என்று அவள் சொல்லிச் சிரிப்பாள்.

ஆலையில் அப்போது செய்துகொண்டிருந்த விமானத்தைத் தொழிலாளிகள் ‘குளவி’ என்றுதான் அழைத்தார்கள். ஒரே ஒரு ஆள் உட்காரும் சிறிய சண்டை விமானம். மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை, நடுவில் கம்பிகளும் குச்சிகளும். மூக்கில் இரண்டு துப்பாக்கிகள். கையடக்கமான சாமான், சுற்றிச் சுழன்று பறக்கும். ஆனால் வெளியே உலகம் மாறிக்கொண்டிருந்தது. ஒற்றை இறக்கையும் அலுமினிய உடம்புமாக வேறு விமானங்கள் வந்துவிட்டன. இரட்டை இறக்கை வைத்த சண்டை விமானங்களில் இதுதான் கடைசியாக இருக்கும் என்று ஆலையில் எல்லோருக்கும் தெரியும். லெயோந்தினுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. லினன் துணியை அவள் ஒருநாளும் காதலித்ததில்லை.

இறக்கையின் எலும்புக்கூட்டின் மேல் துணியைப் போர்த்தி, ஒவ்வொரு விலாவோடும் சேர்த்துத் தைப்பார்கள். பிறகு வார்னிஷ் அடிப்பார்கள். காயக் காயத் துணி இறுகி, விரலால் சுண்டினால் மேளம் மாதிரி சத்தம் வரும். வார்னிஷ் காயும்போது ஈரக்காற்று பட்டால் இறக்கை முழுக்க வெள்ளை பூத்துவிடும். அப்புறம் சுரண்டி எடுத்து மறுபடி அடிக்க வேண்டும். அதனால் மிட்டாய்க்கூடத்தின் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை தொங்கியது: ‘சன்னல்களைத் திறக்கக் கூடாது. புகை பிடிக்கக் கூடாது.’ ஈரத்தை விரட்ட, ஜூன் மாதத்திலும் சுவருக்கு வெளிப்புறம் மூடிய அடுப்பு எரியும், சூடு மட்டும் உள்ளே வரும்.

அந்த ஆவிக்கு மருந்தாக நிர்வாகம் தினமும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு டம்ளர் பால் தந்தது. பால் விஷத்தை இறக்கிவிடும் என்று ஆலை மருத்துவர் சொல்லியிருந்தார். காலையில் பெரிய கேன் வரும். பெண்கள் வரிசையில் நின்று குடிப்பார்கள். குடித்துவிட்டும் தலை சுற்றும். குடித்துவிட்டும் வாந்தி எடுப்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு பிப்ரவரியில் லெயோந்தினோடு ஒரே மேஜையில் வேலை செய்யும் ஒதீல், கையில் தூரிகையோடு அப்படியே சாய்ந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்துத் தூக்கி உட்கார வைத்தபோது மேற்பார்வையாளர் கேட்ட முதல் கேள்வி, “பால் குடிச்சியா இல்லியா?”

ஜூன் தொடங்கியபோது ஒதீல் நாலு மாதக் கர்ப்பம். போன முறை மூன்றாம் மாதமே கலைந்துவிட்டது. வேலையை விட்டால் சாப்பாட்டுக்கு வழியில்லை, புருஷன் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தான். “இது தங்குமா லெயோ?” என்று தினமும் கேட்பாள். லெயோந்தின் மூடிய சன்னல்களைப் பார்ப்பாள். காற்றை வெளியே இழுக்கும் பெரிய விசிறி ஒன்று சுவரில் இருந்தால் போதும். அப்படி வேறு ஆலைகளில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். நிர்வாகத்திடம் இரண்டு முறை போய்க் கேட்டாள். இரண்டு முறையும் பாலைக் காட்டி அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஜூனில் பாரிஸைச் சுற்றியிருந்த ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. வலாந்த் ஆலையும் நின்றது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எந்திரங்களை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். வாசலில் சிவப்புக் கொடி ஏறியது. மதிலுக்கு மேலே கயிறு கட்டி, வெளியிலிருந்து ரொட்டியும் ஒயினும் கூடையில் ஏற்றினார்கள். முற்றத்தில் அக்கார்டியன் வாசித்தார்கள், ஆடினார்கள், சீட்டு விளையாடினார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் கண்டிப்பாக இருந்தார்கள். ஆலைச் சொத்தில் ஒரு ஆணிகூடத் துருப்பிடிக்கக் கூடாது. ‘பார், இவர்கள் உடைத்துப் போட்டுவிட்டார்கள்’ என்று எந்தப் பத்திரிகைக்காரனும் எழுதிவிடக் கூடாது.

போராட்டக் கமிட்டிக்குத் தலைவர் தெயோபில் என்ற தச்சர். பெரிய மீசை, பெரிய குரல், நல்ல மனுஷன். அன்செல்ம் செயலாளர். முதல் நாள் பிற்பகல் முற்றத்தில் கோரிக்கைகளை எழுதினார்கள். லெயோந்தின் எழுந்து நின்று, “வார்னிஷ் கூடத்துக்கு விசிறி” என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். அன்செல்ம் எழுதிக்கொண்டான்.

சாயங்காலம் தெயோபில் ஒரு பெட்டி மேல் ஏறி நின்றார்.

“தோழர்களே, வெளிச்சம் போறதுக்குள்ள பொம்பளைங்க எல்லாம் வீட்டுக்குக் கெளம்பிடுங்க. காலைல வாங்க. கேட்டுக்கிட்ட ஒரு பத்திரிகைக்காரன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறான். ஆம்பளையும் பொம்பளையும் ஒரே கூரைக்குக் கீழே தங்கினாங்கன்னு நாளைக்கு முதல் பக்கத்துல போடுவான்.”

“பகல்ல பூரா ஒரே கூரைக்குக் கீழதானே இருக்கோம்! பகல்ல உங்களுக்கு எதுவும் தோணாதா?” என்று கேட்டாள் லெயோந்தின்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் பெண்கள் போனார்கள். அவளும் போனாள். வீட்டுக்குப் போய்த் தனியாக சூப்பைக் குடித்தபோதுதான் இது சரியில்லை என்று பட்டது.

காலையில் தெயோபில் இறுதிக் கோரிக்கைகளைச் சத்தமாக வாசித்தார். கூலி இருந்தது. விடுமுறை இருந்தது. கழிப்பறை இருந்தது, சைக்கிள் கொட்டகைகூட இருந்தது. விசிறி இல்லை.

அன்று சமைக்கும் முறை அன்செல்முக்கு. முற்றத்தின் ஓரத்தில் ஒரு மலை உருளைக்கிழங்குக்கு முன்னால் உட்கார்ந்து தோல் சீவிக்கொண்டிருந்தான். லெயோந்தின் கட்டைச் செருப்போடு வருவது அவனுக்குத் தூரத்திலேயே கேட்டது. தலையைத் தூக்கவில்லை.

“யாரு எடுத்தது?”

“எல்லாரும் சேர்ந்து பேசித்தான்...”

“எல்லாரும்னா யாரு? நான் இல்ல. ஒதீல் இல்ல. எங்க கூடத்துல ஒருத்தியும் இல்ல. எங்களை வீட்டுக்கு அனுப்பிட்டு எல்லாரும் பேசினீங்களாக்கும்.”

“கோபப்படாமக் கேளு. கோரிக்கை நெறையப் போயிடுச்சு. எதையாவது விட்டாத்தான் மத்தது கெடைக்கும்னு தெயோபில் சொன்னாரு. யோசிச்சுப் பாத்தா அதுவும் நியாயந்தான். துணி இறக்கை இன்னும் எத்தனை நாளைக்கு? குளவிதான் கடைசி. அடுத்தது முழுக்க அலுமினியம். ரெண்டு வருஷத்துல உங்க கூடத்தையே இழுத்து மூடிடுவான். மூடப்போற கூடத்துக்கு எதுக்கு விசிறி?”

“ரெண்டு வருஷம்.”

“ஆமா, ரெண்டே வருஷம்.”

“அதுவரைக்கும் நாங்க மூச்சு விட வேண்டாமா?”

அன்செல்ம் கத்தியை நிறுத்தினான். “பால்தான் தர்றாங்களே” என்றான். சொன்ன உடனே சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்கே தெரிந்தது.

இரவில் அன்செல்ம் லெயோந்தினின் பக்கம் திரும்பிப் படுக்க மாட்டான். தலை வலிக்கிறது என்பான். கல்யாணமான நாளிலிருந்து அவன் முதுகைத்தான் அவள் பார்த்துக்கொண்டு படுக்கிறாள்.

“உருளைக்கெழங்கை ஒழுங்காச் சீவு. பாதிக் கெழங்கு தோலோட போகுது” என்று சொல்லிவிட்டு நேராகத் தெயோபிலிடம் போனாள்.

போகும் வழியிலேயே என்ன கேட்பது என்று முடிவு செய்துவிட்டாள். வேலைநிறுத்தம் தொடங்கிய காலையில்தான் குளவிக்கு இரண்டு மேல் இறக்கைகள் தைத்து முடித்திருந்தார்கள். வார்னிஷ் அடிக்காமல் விட்டால் ஆற்று ஈரத்தில் துணி தொய்ந்துவிடும். அப்புறம் பிரித்து எறிய வேண்டியதுதான்.

“தலைவரே, ஒரு ஆணி துருப்பிடிக்கக் கூடாதுன்னீங்க. ரெண்டு இறக்கை வீணாகப் போகுதே, பரவாயில்லையா?”

தெயோபில் பதறினார். “ஐயையோ, என்ன பண்ணணும் சொல்லு.”

“நாங்க வார்னிஷ் அடிச்சு முடிச்சிடுறோம். இன்னைக்கே. அதுக்குப் பதிலா ஒண்ணு. சாயங்காலக் கமிட்டிக் கூட்டத்தை எங்க கூடத்துல வச்சுக்கணும். கோரிக்கை மொத்தத்தையும் அங்க உக்காந்து, தலையிலேருந்து கால் வரைக்கும் இன்னொரு வாட்டி பேசி முடிங்க. பலகைல போட்டிருக்கிற மாதிரி சன்னல் சாத்தியிருக்கும். எழுந்து போகாம முடிச்சிட்டீங்கன்னா, விசிறிங்கிற பேச்சையே நாங்க எடுக்க மாட்டோம். தினமும் பொழுது சாயறதுக்குள்ள ஆட்டுக்குட்டி மாதிரி வீட்டுக்குப் போயிடுறோம்.”

“முடிக்கலைன்னா?”

“விசிறி உள்ள வரும். நாங்களும் ராத்திரி உள்ளயே இருப்போம்.”

தெயோபில் மீசைக்குள் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். “மிட்டாய்க்கூடத்துல உக்காரக் கூலி வேற வேணுமா? குழந்தையிலேருந்து ஆசை!” என்றான் ஒருவன்.

“ஆசைப்பட்டது கெடைக்கப்போகுது, வா” என்றாள் லெயோந்தின்.

பெண்கள் அன்று வார்னிஷை மனசாரக் குழைத்து அடித்தார்கள். இரண்டு இறக்கைகளும் கூடத்தின் நீளத்துக்கு மரக்கால்களின் மேல் படுத்துக்கிடந்தன. அடுப்பில் நன்றாக விறகு போட்டார்கள். கமிட்டிக்காரர்கள் வந்தபோது வாசலுக்கு வெளியே ஒதீல் இடுப்பில் கட்டிய வேலைத்துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை உள்ளே விடக் கூடாது என்று லெயோந்தின் சொல்லியிருந்தாள்.

“புகையிலை, தீப்பெட்டி, புகைக்குழாய் எல்லாம் இதுல போடுங்க தோழர். சட்டம் இருக்கு உள்ள.”

“குழாயுமா? இது என் அப்பா குழாயாச்சே!” என்றார் தெயோபில்.

“அப்பாவைப் பத்திரமாப் பாத்துக்கிறேன், போங்க.”

உள்ளே பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். முதலில் எல்லோருக்கும் உற்சாகம்தான். ஒருவன் மூக்கை இழுத்து, “ஆகா, பேரிக்காய்!” என்றான். இன்னொருவன் வாழைப்பழம் என்றான். அது பற்றியே கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. லெயோந்தினும் கூடத்துப் பெண்களும் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு இது தினப்படி காற்று.

கூலியைப் பேசி முடித்தார்கள். விடுமுறையைத் தொடங்கினார்கள். தெயோபில் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். கழிப்பறைக்கு வந்தபோது வாழைப்பழம் என்று சொன்னவன் காரணமே இல்லாமல் சிரிக்க ஆரம்பித்தான். யாரோ “என்னடா?” என்று கேட்டதற்கு, “கழிப்பறை” என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தான், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். பேரிக்காய்க்காரன் முகம் சாம்பல் நிறமானது. எழுந்து சன்னலுக்குப் போனான்.

“பலகையைப் படி” என்றாள் லெயோந்தின்.

“சும்மா கொஞ்சம்...”

“எறக்கை வெள்ளை பூத்திடும். சொத்து வீணாயிடும். பத்திரிகைக்காரன் எழுதுவான். உக்காரு.”

அவன் உட்கார்ந்தான். தெயோபில் சைக்கிள் கொட்டகைக் கோரிக்கையை வாசித்தார். முடித்தார். மறுபடி அதையே முதலிலிருந்து வாசித்தார். யாரும் கவனிக்கவில்லை. லெயோந்தின் பால் கேனைத் தூக்கி வந்தாள். டம்ளரில் ஊற்றி அவர் முன்னால் நீட்டினாள்.

“குடிங்க தலைவரே. விஷம் எறங்கிடும். டாக்டர் சொல்லியிருக்காரு.”

அவர் டம்ளரைப் பார்த்தார். பால் அடுப்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி, மேலே ஆடை கட்டியிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கதவுக்கு ஓடினார். அவர் போனதும் மற்றவர்களுக்கு அனுமதி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. பெஞ்சு கவிழ, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து முற்றத்துக்குப் போனார்கள். வெளியே யாரோ ஓங்கரிக்கும் சத்தமும், “அப்பா குழாய் வேணுமா தலைவரே?” என்று ஒதீல் கேட்பதும் கேட்டது.

அன்செல்ம் மட்டும் போகவில்லை. தொடையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெற்றியில் வியர்வை. பிடிவாதத்தில் அவனும் சளைத்தவன் இல்லை.

“நீயும் போ” என்றாள்.

“தினமும் இப்படித்தானா?”

“இன்னைக்குக் கொஞ்சம் தாராளமா அடிச்சோம். குளிர்காலத்துல இப்படித்தான்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“உன் முதுகுகிட்ட எத்தனை வாட்டிதான் சொல்றது?”

அவன் எழுந்தான். தடுமாறி இறக்கையின் மரக்காலைப் பிடித்துக்கொண்டான். கீழே விழுந்து கிடந்த கோரிக்கைத் தாளை எடுத்து, சுவரில் வைத்து, கடைசி வரிக்குக் கீழே ‘விசிறி’ என்று எழுதினான். பிறகுதான் வெளியே போனான், நேராக நடக்க முயன்றபடி.

அன்று பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. துணி வெட்டும் அறையில் லினன் சுருள்களைத் தரையில் பரப்பிப் படுத்தார்கள். வாசலில் நின்ற பத்திரிகைக்காரன் மதிலுக்கு அப்பாலிருந்து, “மதாம், உள்ளே என்ன நடக்குது?” என்று கத்தினான்.

“மூச்சு விடுறோம்! எழுதிக்க!” என்று லெயோந்தின் திருப்பிக் கத்தினாள்.

நிர்வாகம் பேச்சுக்கு அழைத்தபோது கமிட்டியோடு அவளும் மாடியேறினாள். இயக்குநர் லக்ரூ அறையில் கம்பளம் போட்டிருந்தது. அதனால் அவள் செருப்புச் சத்தம் எழவில்லை. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. கூலிக்கு லக்ரூ ஒத்துக்கொண்டார். விடுமுறைக்கும் ஒத்துக்கொண்டார், ஊர் முழுக்க ஒத்துக்கொள்கிறார்களே. விசிறி என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பாருங்க, மனசு வச்சுத்தான் சொல்றேன். இனிமே ரெண்டு டம்ளர் பால் தர்றோம். விசிறி வீண் செலவு. இரட்டை இறக்கையோட காலம் முடிஞ்சுபோச்சு. இன்னும் ரெண்டு வருஷத்துல அந்தக் கூடமே இருக்காது.”

லெயோந்தின் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“அதுவரைக்கும் அவங்க மூச்சு விட வேண்டாமா முசியே?”

அன்செல்ம்தான். காது சிவந்திருந்தது. அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஜூலைல தேசிய விழாவுக்குக் குளவி பறக்கணும்னு மந்திரிக்கு வாக்குக் கொடுத்திருக்கீங்களாமே. துணி இல்லாத குளவி பறக்குமா? இல்ல, பாலை ஊத்திப் பறக்க வைப்பீங்களா?” என்றாள் லெயோந்தின்.

தெயோபில் இருமினார், சிரிப்பை மறைக்க. லக்ரூ வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: ‘வார்னிஷ் கூடத்தில் காற்று வெளியேற வழி செய்யப்படும். விசிறி இயன்றவரை விரைவில் பொருத்தப்படும்.’

முற்றத்தில் ஆரவாரம். தொப்பிகள் பறந்தன. அக்கார்டியன் தொடங்கியது. நாளை காலை வேலைக்குத் திரும்புவது என்று முடிவாயிற்று. ஒதீல் அழுதுகொண்டே லெயோந்தினைக் கட்டிக்கொண்டாள். லெயோந்தின் மட்டும் சிரிக்கவில்லை.

“இன்னும் என்ன?” என்று கேட்டார் தெயோபில்.

“இயன்றவரை விரைவில். இந்த வார்த்தையை எங்க ஊர் மீன் முதலாளியும் சொன்னான். எங்கம்மா இன்னும் காத்துக்கிட்டு இருக்கா. நாளைக்குக் காலைல வேலை தொடங்கினா, ஒதீல் அதே மூடின கூடத்துலதான் நிக்கணும். இவ வயித்துல இருக்கிறது விரைவில் வரைக்கும் காத்திருக்குமா?”

“கையெழுத்து ஆயிடுச்சேம்மா. இனி என்ன செய்ய முடியும்?”

“மொத வரியைப் படிங்க. காத்து வெளியேற வழி செய்யப்படும். விசிறிக்குத்தான் விரைவில். வழிக்கு ஒண்ணும் போடல.” அவள் கூடத்தின் சுவரைக் கையால் காட்டினாள். “விசிறி அப்புறம் வரட்டும். ஓட்டை இன்னைக்கே.”

தெயோபில் மீசையைத் தடவினார். தாளை வாங்கி உதட்டை அசைத்து மறுபடி படித்தார். பிறகு திரும்பி, முற்றமே அதிரும்படி, “யாருகிட்ட கடப்பாரை இருக்கு?” என்று கத்தினார்.

எந்தச் சுவர் என்று கேள்வி வந்தது. ஆற்றுப்பக்கச் சுவரில் போட்டால் ஈரம் நேராக இறக்கை மேல் வரும். தெருப்பக்கம் போட்டால் நகராட்சி வம்பு. மிச்சம் இருந்தது முற்றத்துப் பக்கச் சுவர். அதற்கு நேர் எதிரே, மாடியில், இயக்குநர் அறையின் சன்னல்கள் கோடைக்குத் திறந்து கிடந்தன.

“அந்தச் சுவர்தான் தோது” என்றாள் லெயோந்தின்.

முதல் அடியை அவளே போட்டாள். செங்கல்லில் ஒரு சில்லுதான் பெயர்ந்தது. கடப்பாரையை அன்செல்ம் வாங்கிக்கொண்டான். அப்புறம் தெயோபில். அப்புறம் சிரித்தவன், பேரிக்காய்க்காரன், எல்லோரும். பொழுது சாய்வதற்குள் ஒரு ஆள் தலையை நீட்டிப் பார்க்கும் அளவுக்கு வட்டமாக ஓட்டை விழுந்தது. பொட்டுச் செங்கல்கூடச் சிதறாமல் பொறுக்கிச் சுவரோரம் அழகாக அடுக்கி வைத்தார்கள். சொத்தாயிற்றே.

மறுநாள் வேலை தொடங்கியது. அடுப்பு எரிந்தது, வார்னிஷ் வாளிகள் திறந்தன. உள்ளே இருந்த சூடு ஆவியைத் தள்ளிக்கொண்டு ஓட்டை வழியே முற்றத்துக்குப் போய், சுவரைப் பிடித்து மேலே ஏறியது. மத்தியானத்துக்குள் லக்ரூ கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு படியிறங்கி வந்தார்.

“இது யாரோட உத்தரவு?”

“உங்களோடதுதான் முசியே. காத்து வெளியேற வழி செய்யப்படும்னு உங்க கையெழுத்து இருக்கு. வழி செஞ்சுட்டோம். விசிறியும் குழாயும் வந்தா காத்து உங்க தலைக்கு மேல போயிடும். அது இயன்றவரை விரைவில்.” அவள் டம்ளரை நீட்டினாள். “அதுவரைக்கும் பால் குடிக்கிறீங்களா?”

அவர் திரும்பி நடந்தார். கூடத்துக்குள் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் தூரிகையைக் கீழே போட்டாள்.

அந்த வாரம் முடியுமுன் விசிறி வந்தது. கூரைக்கு மேலே உயர்ந்த தகரக் குழாயும் வந்தது. ஓட்டை இருந்த நாட்களில் ஒரு இறக்கை வெள்ளை பூத்தது உண்மைதான். பெண்கள் சுரண்டிவிட்டு மறுபடி அடித்தார்கள். ஜூலையில் குளவிகள் பாரிஸுக்கு மேலே பறந்தன. லெயோந்தின் போய்ப் பார்க்கவில்லை. அன்றைக்கு விடுமுறை. அவளும் அன்செல்மும் ஆற்றங்கரைப் புல்லில் படுத்துத் தூங்கினார்கள். அவன் அவள் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். விழித்தபோது தலை வலிக்கிறது என்றான். பொறுத்துக்கொள் என்றாள்.

ஒதீலுக்கு நவம்பரில் ஒரு பெண் பிறந்தது.

இரண்டு வருடத்தில் கூடம் மூடிவிடும் என்று எல்லோரும் சொன்னது பொய்யாகவில்லை. குளவிக்கு அடுத்து அலுமினியம் வந்தது. துணிக்காரிகளை, அலுமினியத் தகடுகளை ஆணி அடித்து இணைக்கும் கூடத்துக்கு மாற்றினார்கள். உள்ளே காது செவிடாகும் சத்தம். மேற்பார்வையாளர் லெயோந்தினுக்கு எந்திரத்தைக் காட்டினார். எப்படிப் பிடிப்பது, எப்படி அழுத்துவது என்று வாய் கிழியக் கத்திச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அவர் முடித்ததும் கட்டைச் செருப்பால் தரையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அவரைவிடச் சத்தமாகக் கேட்டாள்:

“அதெல்லாம் சரி. காதுக்கு என்ன தர்றீங்க? பாலா?”